முள்ளா, முடிச்சா, கையா? கெண்டைத் தூண்டிலில் மீன் தப்பும் காரணங்கள்

கெண்டைத் தூண்டிலில் மாட்டிய மீன் கரை சேராமல் போவதற்கு மூன்று வழிகள்தாம் உண்டு. முள் வாயிலிருந்து கழன்றுவிடுவது ஒன்று. முள்ளே உடைவது அல்லது விரிந்துகொடுப்பது இன்னொன்று. முள்ளுக்கும் ரீலுக்கும் நடுவில் நரம்போ முடிச்சோ அறுவது மூன்றாவது. மூன்றிலும் வளைந்திருந்த கழி சட்டென்று நிமிர்கிறது, நரம்பு தொய்கிறது. முதல் பழி முள்ளின்மேல் விழுகிறது. ஆனால் முள் என்பது இழுப்பு முழுவதும் வந்து குவியும் கடைசிப் புள்ளி. கழியின் விறைப்பு, ரீலின் இறுக்கம், இரையின் பருமன் ஆகியவற்றில் எங்கே பொருத்தம் தவறினாலும் அது வெளிப்படும் இடம் அதுவே. முள்ளின் தோல்வியை ஆராயப் புகுந்தால் தூண்டில் முழுவதையும் ஆராய வேண்டியிருப்பது இதனால்தான்.

இங்கே பேசப்படுவது சைப்ரினஸ் கார்ப்பியோ எனும் அறிவியல் பெயருடைய சாதாக்கெண்டையும், பெரிய செதில்கள் சிலவற்றை மட்டுமே கொண்ட அதன் கண்ணாடிக்கெண்டை வகையும். 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டதும் இந்த மீன்தான். இதைத் தூண்டிலில் பிடிப்பது தனிக்கலையாக வளர்ந்தது இங்கிலாந்திலும் மேற்கு ஐரோப்பாவிலும். அங்கே பிடித்த மீனைப் பெரும்பாலும் எடைபோட்டுத் திரும்ப நீரில் விட்டுவிடுகிறார்கள். ஒரே மீன் பல ஆண்டுகள் பலர் முள்ளில் மாட்டி, பழகி, பெருத்துப் போகிறது. 10 கிலோவைத் தாண்டும் மீனை விரல்நுனி அளவு முள்ளால் பிடிக்கும் நிலை அப்படித்தான் உருவானது.

முறை மாறியபோது தோல்வியும் மாறியது

1952 செப்டம்பரில் ஹெரஃபோர்ட்ஷயரின் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கெண்டையைப் பிடித்தார். அந்த மீன் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் வைத்துக் காட்டப்பட்டது. 1980இல் அதே குளத்தில் கிறிஸ் யேட்ஸ் 51 பவுண்டுக்கு மேற்பட்ட மீனைப் பிடிக்கும்வரை பிரிட்டனின் சாதனை அதுவே. அக்காலத்தில் ரொட்டிப் பிசைவையோ வெந்த உருளைக்கிழங்கையோ முள்ளின்மேல் பொதித்து எறிவார்கள். மீன் இரையெடுத்ததும் கழியை ஓங்கி இழுத்தால் முனை இரையைக் கிழித்து வெளிவந்து வாயில் ஏற வேண்டும். முனை இரைக்குள்ளேயே புதைந்து நின்று முள் ஏறாமல் போவதுதான் அன்றைய பெரிய இழப்பு.

1970களின் கடைசியில் தூண்டில்காரர்களான லென்னி மிடில்டனும் கெவின் மேடக்ஸும் தொட்டியில் மீன் இரையெடுக்கும் விதத்தைக் கவனித்து ஹேர் ரிக் எனும் அமைப்பை உருவாக்கினார்கள். முள்ளுக்குப் பக்கத்தில் மெல்லிய இழையொன்றில் இரை தொங்கும். முள் வெறுமையாகவே இருக்கும். முதலில் அந்த இழைக்கு மனிதத் தலைமுடியே பயன்பட்டது. மேடக்ஸின் ‘கார்ப் ஃபீவர்’ நூல் 1981இல் வெளிவந்தபின் இம்முறை பரவலானது. அதோடு கனமான ஈயக்குண்டும் சேர்ந்தது. முனை குத்தியதும் மீன் மிரண்டு ஓட, ஈயத்தின் எடை முள்ளை உள்ளே செலுத்திவிடும். தூண்டில்காரர் இழுக்க வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. முள் ஏறாமல் போகும் இழப்பு அருகியது. ஏறிய முள் நிலைக்காமல் போகும் இழப்பு முன்னுக்கு வந்தது. இன்றைய கேள்விகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைப் பற்றியவை.

வாயின் அமைப்பு

கெண்டையின் தாடையில் பல் கிடையாது. அரைக்கும் பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. வாயைக் குழாய்போல் முன்னே நீட்டி, நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். வேண்டாததை அதே வேகத்தில் துப்பும். அடித்தள மண்ணை இப்படி வாயில் அலசி உணவைப் பிரித்தெடுப்பது அதன் அன்றாட வேலை. முள்ளையும் அப்படியே துப்பப் பார்க்கிறது. துப்பும் அந்த நொடியில் முனை உதட்டில் பிடிக்க வேண்டும்.

பிடிக்கும் இடத்தைப் பொறுத்தே பிடிப்பின் உறுதி அமையும். கீழுதட்டின் நடுப்பகுதி தடித்த சதை. அங்கே ஏறிய முள் எளிதில் கழலாது. வாயின் கடைவாய்ப் பகுதியும் நல்ல இடம்தான். உதட்டின் ஓரத்துத் தோல் மெல்லியது. மீனின் எடையைத் தாங்காமல் கிழியும். உட்பக்க எலும்பில் முட்டிய முனையோ ஓரளவுக்கு மேல் இறங்காது. பலமுறை பிடிபட்ட மீன்களின் வாயில் பழைய கிழிசல்களும் தழும்புகளும் இருப்பதால் பிடிக்க நல்ல சதை குறைந்துவிடுகிறது. சில வேளை முள் வாயில் ஏறவே ஏறாமல் உடலிலோ துடுப்பிலோ மாட்டியிருக்கும். அப்படிப்பட்ட மீன் பக்கவாட்டில் இழுப்பதால் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தோன்றும். கழன்றபின் முள்ளில் ஒரு செதில் ஒட்டிவந்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

முள்ளின் உலோகம்

கெண்டை முள் கரிமம் மிகுந்த எஃகுக் கம்பியில் செய்யப்படுகிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம் ஊசித் தொழிலோடு முள் தொழிலையும் வளர்த்த ஊர். நார்வேயின் யோவிக் நகரில் 1832இல் தொடங்கிய முஸ்தாத் நிறுவனமும் பின்னர் ஜப்பானியத் தொழிற்சாலைகளும் இத்துறையில் பெயர் பெற்றன. எங்கே செய்தாலும் அடிப்படை ஒன்றே. கம்பியை வெட்டி, முனை தீட்டி, வளைத்து, இழை கட்டும் காதை மடித்து, செந்நிறமாகும்வரை சூடாக்கி, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்குவார்கள். பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்துவார்கள். முள்ளின் குணத்தை முடிவு செய்வது இந்தக் கடைசிப் பதம்.

பதம் போதாவிட்டால் எஃகு கடினமாகவே நின்று நொறுங்கும். அதிகமானால் இளகி விரியும். உடைந்து வந்த முள்ளைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம். வளைவு மாறாமல் சுத்தமாக முறிந்திருந்தால் கம்பி நொறுங்குதன்மை கொண்டது. வாய் அகன்று, முனை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் இளகியது, அல்லது தாங்கும் எல்லையைத் தாண்டி இழுக்கப்பட்டது. அமிலத்தில் நனையும் கடின எஃகினுள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கச் செய்யும் என்பது உலோகவியலில் தெரிந்த உண்மை. வேதிமுறையில் முனை கூராக்கப்படும் முள்களைச் செய்யும்போது பின்பதப்படுத்தலில் கவனம் தேவைப்படுவது இதனால்தான். ஒரே பொட்டலத்து முள்கள் இரண்டு மூன்று ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தால் அந்தத் தயாரிப்புத் தொகுதியையே ஒதுக்கிவிடுவது நல்லது.

முறிவுக்குத் தொழிற்சாலைக்கு வெளியிலும் காரணங்கள் உண்டு. முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் அழுத்தி நசுக்கும்போது விழும் நுண்விரிசல், ஈரத்தோடு பெட்டியில் போட்டு வைத்ததால் வந்த துரு, விரிந்த முள்ளைத் திரும்ப வளைத்துப் பயன்படுத்துவது ஆகிய மூன்றும் கம்பியைப் பலவீனப்படுத்தும். ஒருமுறை விரிந்த முள் மறுபடி அதே இடத்தில்தான் கொடுக்கும். அதை எறிந்துவிடுவதே முறை.

நல்ல முள்ளும் விரியும் ஒரு நிலை உண்டு. முள் வளைவுவரை முழுதாக இறங்கியிருந்தால் இழுப்பு ஏறக்குறைய தண்டின் நேர்க்கோட்டில் விழும். அந்த நிலையில் மெல்லிய முள்கூட நன்றாகத் தாங்கும். முனை மட்டும் எலும்பில் குத்தி நின்றால் இழுப்பு முழுதும் முனையில் விழுந்து முள்ளை நெம்புகோல்போல் திறக்கும். அதே முள், அதே மீன், அதே இழுப்பு. ஆனாலும் ஒன்று தாங்குகிறது, மற்றது விரிகிறது. ஆகவே விரிந்த முள் எல்லாம் மட்டமான முள் அல்ல. பல வேளைகளில் அது ஆழமாக ஏறாத முள்.

முனை மழுங்குவதுதான் எல்லாவற்றிலும் அதிகம் நேர்வது, கண்ணுக்குத் தெரியாமல் நேர்வதும் அதுதான். சரளைக்கல் அடித்தளத்தில் ஒருமுறை இழுத்து வந்தாலே கூரிய முனை மடங்கக்கூடும். கையால் அரம் கொண்டு தீட்டிய முனை இன்னும் மெல்லியதாக இருப்பதால் விரைவில் சுருளும். உள்நோக்கி வளைந்த முனை கல்லில் உரசுவது குறைவு. நேர்முனை வேகமாக ஏறும், ஆனால் விரைவில் கெடும். கல் நிறைந்த குளத்துக்கு முன்னதும் சேற்றுக் குளத்துக்குப் பின்னதும் பொருந்தும். நகத்தின்மேல் முனையை மெல்ல இழுத்தால் கூரியது பதிந்து நிற்கும், மழுங்கியது வழுக்கும். ஒவ்வொரு எறிதலுக்கு முன்னும் இதைப் பார்க்க சில நொடிகள் போதும்.

அளவும் கம்பிப் பருமனும்

முள் அளவுகளில் எண் பெருக முள் சிறுக்கும். 4ஆம் எண் முள் 8ஆம் எண்ணைவிடப் பெரியது. கெண்டைக்கு வழக்கமாக 4 முதல் 8 வரை. ஆனால் இந்த எண்களுக்குப் பொதுத் தரம் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 6ஆம் எண் மற்றொன்றின் 4ஆம் எண்ணுக்குச் சமமாக இருக்கலாம். எண்ணை நம்பாமல் முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பதே சரி.

மெல்லிய கம்பி எளிதில் ஏறும். ஆனால் நீண்ட போராட்டத்தில் சதையை அறுத்துத் துளையை அகலமாக்கும், வலுவான கழியிடம் விரியவும் செய்யும். தடித்த கம்பி நிலைத்து நிற்கும். ஆனால் அதை உள்ளே செலுத்தக் கூடுதல் விசை வேண்டும். தொலைவில் மென்மையான கழியோடு தடித்த முள்ளைப் பயன்படுத்துவதும், கரையோரப் புதர்களருகே விறைத்த கழியோடு மெல்லிய முள்ளைப் பயன்படுத்துவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

எதிர்முள் விவாதம்

முனைக்குச் சற்றுப் பின்னால் பின்நோக்கிச் சீவிவிடப்பட்ட சிறு கூர்தான் எதிர்முள். அது முள்ளைத் திரும்ப வரவிடாது. ஆனால் அதைச் செதுக்கிய இடத்தில் கம்பியின் பருமன் குறைகிறது. பெரிய எதிர்முள் ஏறுவதற்குத் தடையாகவும் இருக்கிறது. பாதி ஏறி எதிர்முள்ளில் நின்றுவிட்ட முள்தான் மேலே சொன்ன நெம்புகோல் நிலைக்கு இலக்காகிறது. இன்று புழங்கும் முள்களில் எதிர்முள் மிகச் சிறிதாக இருப்பது இந்த இரண்டு குறைகளையும் தவிர்க்கத்தான்.

எதிர்முள் இல்லாத முள் ஆழமாகவும் எளிதாகவும் இறங்கும். மீனிடமிருந்து எடுப்பதும் சுலபம். நரம்பு ஒரு கணம் தொய்ந்தாலும் அது நழுவிவிடும் என்பதே அதன் குறை. பிரிட்டனில் சில குளங்கள் எதிர்முள் இல்லாத முள்ளை மட்டுமே அனுமதிக்கின்றன. வேறு சில அதையே தடுக்கின்றன. போராட்டத்தின்போது முள் வாய்க்குள் அசைந்து அதிகம் அறுக்கிறது என்பது அவற்றின் வாதம். குளத்தின் விதி எதுவானாலும் தூண்டில்காரரின் கை அதற்கேற்ப மாற வேண்டும். எதிர்முள் இல்லையென்றால் இழுவை எந்தக் கணமும் அறவே தளரக் கூடாது.

இரை கட்டும் அமைப்பு

ஹேர் ரிக்கில் இரை முள்ளோடு ஒட்டிக்கொண்டிருந்தால் முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி அடைபடும். பாய்லி எனப்படும் வேகவைத்த இரை உருண்டை 18 அல்லது 20 மில்லிமீட்டர் இருக்கையில் அதற்குச் சிறிய முள்ளைக் கட்டுவது இதில் அடிக்கடி காணும் தவறு. இரைக்கும் முள்வளைவுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். இழை மிக நீண்டாலோ மீன் இரையை மட்டும் வாயில் வைத்துத் துப்பிவிடும்.

முள்ளை ஈயத்தோடு இணைக்கும் குட்டை இழையின் குணமும் முக்கியம். வளையாத இழையில் முள் திரும்ப மறுத்தால் முனை உதட்டில் விழாது. மென்மையான பின்னல் இழையில் முள் நன்றாகத் திரும்பும். ஆனால் எறியும்போது சிக்கிக்கொள்ளும். இழை முள்ளின் காதிலிருந்து வெளிவரும் பக்கமும் முள் திரும்பும் கோணத்தை மாற்றும். அமைப்பைக் கட்டி முடித்ததும் உள்ளங்கையின் மேல் வைத்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். முனை தானாகக் கீழ்நோக்கிப் புரண்டு தோலில் பற்றினால் அமைப்பு சரி. தட்டையாகச் சறுக்கி வந்தால் அது குளத்திலும் சறுக்கும்.

நரம்பும் முடிச்சும்

முள்ளே திரும்பி வராதபோது சான்று நரம்பின் நுனியில் இருக்கும். நுனி பன்றிவால்போல் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது என்று பொருள். சுருள் இல்லாமல் நறுக்கென்று அறுந்திருந்தால் முடிச்சிலேயே அறுந்திருக்கலாம், அல்லது காற்றில் தானாக விழுந்த சிறுமுடிச்சு அங்கே இருந்திருக்கலாம். நுனிக்கு மேல் பல அங்குலம் சொரசொரப்பாக, தட்டையாக இருந்தால் கல்லிலோ சிப்பியிலோ உராய்ந்திருக்கிறது. காதின் மடிப்பு முழுதாக மூடாத முள்களில் அந்த இடுக்கு வழியே மெல்லிய இழை நழுவுவதும் உண்டு; மூடிய விளிம்பு கூராக இருந்தால் அது இழையையே அறுக்கும்.

நைலான் நரம்பு நீரை உறிஞ்சும்; நனைந்தபின் வலிமை சிறிது குறையும். வெயிலில் நாள்பட்டுக் கிடந்தாலும் கெடும். உலர்ந்த நிலையில் முடிச்சை இறுக்கினால் உராய்வின் வெப்பத்தால் அந்த இடம் பலவீனப்படும். எச்சிலாலோ நீராலோ நனைத்து மெல்ல இறுக்குவது இதனால்தான். ஃபுளோரோகார்பன் நீரை உறிஞ்சாது, உராய்வையும் நன்றாகத் தாங்கும். ஆனால் விறைப்பானது, முடிச்சு சரியாகப் படியாவிட்டால் கைவிடும். பின்னல் நரம்பு ஏறக்குறைய நீளவே நீளாது. நைலானின் நீட்சி மீனின் திடீர்த் துள்ளலை வாங்கிக்கொள்கிறது. அந்த நீட்சி இல்லாத பின்னல் நரம்போடு விறைத்த கழியும் சேர்ந்தால் ஒவ்வொரு தலையாட்டலும் நேரே முள்ளில் போய் விழும். கழலும் முள்களில் கணிசமானவை இந்தச் சேர்க்கையில் கழல்பவை.

கழியும் ரீலும்: விசைக் கணக்கு

கழியின் நுனி அடிப்பகுதிக்குச் செங்கோணமாகும்வரை வளைக்கத் தேவைப்படும் எடையைக் கழியின் சோதனை வளைவு என்பார்கள். இன்றைய கெண்டைக் கழிகளில் அது 2.5 முதல் 3.5 பவுண்டு வரை. அதை ஐந்தால் பெருக்கினால் பொருந்தும் நரம்பின் வலிமை கிடைக்கும் என்ற பழங்கணக்கு வாக்கரின் பெயரோடு வழங்குகிறது. 3 பவுண்டுக் கழிக்கு 15 பவுண்டு நரம்பு.

இதில் ஒளிந்திருக்கும் செய்தி முக்கியமானது. 3 பவுண்டுக் கழியை முழு வளைவில் பிடித்தாலும் மீனின்மேல் விழும் இழுப்பு 1.4 கிலோவை ஒட்டியே இருக்கும். 12 அடிக் கழி தூண்டில்காரருக்கு எதிரான நெம்புகோல் என்பதால் கை வலிக்கும் அளவுக்கு மீனின்மேல் விசை சேராது. சரியாக ஏறிய நல்ல முள் இந்த இழுப்பில் விரியாது. விரிந்திருந்தால் இழுப்பு வேறு வழியில் வந்திருக்கிறது: கழியை மீனை நோக்கி நேராகச் சாய்த்ததால் வளைவு இல்லாமல் போயிருக்கும், அல்லது ரீலின் சுருளைக் கையால் அழுத்தி நிறுத்தியிருப்பார், அல்லது நரம்பு வேரில் சிக்கி நின்றிருக்கும். விரிந்த முள்ளைப் பார்த்து இன்னும் தடித்த முள்ளுக்கு மாறுபவர் இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறுகிறார்.

ரீலின் கிளட்ச் நரம்பின் வலிமையில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையான இழுப்பில் விட்டுக்கொடுக்குமாறு இருப்பது பொதுவான அளவு. கிளட்ச் வட்டுகள் ஒட்டிக்கொண்டால் தொடக்க அசைவுக்குக் கூடுதல் விசை தேவைப்படும். முதல் பாய்ச்சலிலேயே அறுபடும் மீன்கள் இதற்குச் சாட்சி. மீன் தொலைவு ஓட ஓடச் சுருளின் விட்டம் குறைவதால் அதே இறுக்கத்தில் இழுப்பு தானாகக் கூடும். நீரில் வளைந்து கிடக்கும் நரம்பின் தடையும் அதோடு சேரும். தொலைவில் கிளட்சைச் சற்றுத் தளர்த்த வேண்டியிருக்க, பலர் பதற்றத்தில் இறுக்குகிறார்கள்.

பாசி, ஈயம், கரையோரம்

நரம்பில் தொங்கும் ஈயக்குண்டு முள்ளை ஏற்ற உதவும். ஏறியபின் அதுவே எதிரி. மீன் தலையை ஆட்டும்போதெல்லாம் ஈயம் எதிர்த்திசையில் வீசி முள்ளைத் தளர்த்துகிறது. நீர்ப்பாசியில் அது நங்கூரமாகிவிடும். அதனால் பாசி மிகுந்த குளங்களில் மீன் மாட்டியதும் ஈயம் கழன்று விழும் கவ்விகளைப் பயன்படுத்துகிறார்கள். எடை நீங்கியதும் மீன் மேலே எழும். நரம்பு அறுந்தாலும் மீன் ஈயத்தை இழுத்துக்கொண்டு திரியாமல் இருக்க, எந்த அமைப்பிலும் ஈயம் எளிதில் கழல வேண்டும் என்பது அடிப்படை விதி. பாசிக்குள் புகுந்து நின்ற மீனை வெட்டி இழுப்பதைவிட ஒரே சீராக இழுத்துப் பிடிப்பதும், அது பலிக்காவிட்டால் நரம்பைச் சற்றுத் தளர்த்தி மீன் தானாக நகரக் காத்திருப்பதும் பலன் தரும். எதிர்முள் இல்லாத முள்ளுக்கு இந்த இரண்டாவது வழி ஆபத்தானது.

கரையோரத்தில் இழக்கும் மீன்கள் தனிக் கணக்கு. அங்கே நீரில் இருக்கும் நரம்பு சில அடிகள்தாம், நீட்சி இல்லை. நீண்ட போராட்டத்தில் முள் துளை அகன்றிருக்கும். வலையைக் கண்டதும் மீன் கடைசிமுறை பாயும். கிளட்சைத் தளர்த்தி, வலையை முன்பே நீரில் அமிழ்த்தி வைத்து, மீனை அதன்மேல் கொண்டுவர வேண்டும். வலையை மீனை நோக்கி வீசக் கூடாது. வலையின் விளிம்பு நரம்பிலோ ஈயத்திலோ தட்டினால் தளர்ந்திருந்த முள் கழன்றுவிடும்.

காரணம் தேடும் வரிசை

இழப்பு நேர்ந்ததும் அடுத்த இரையை எறிவதற்குமுன் நுனியில் வந்ததைப் பார்ப்பதே முதல் வேலை. முள் வரவில்லையென்றால் நரம்பின் நுனி, அதற்கு மேல் சில மீட்டர் தூரம், கழியின் வளையங்களில் கீறல் என்ற வரிசையில் தேட வேண்டும். முள் முறிந்து வந்தால் முறிவின் தோற்றமும் பொட்டலமும். விரிந்து வந்தால் அந்த நேரத்தில் கழி இருந்த கோணமும் கிளட்சின் இறுக்கமும். முழுதாக வந்தால் முனையின் கூர். கூர் சரியென்றால் இரையின் இடைவெளி, முள் திரும்பும் விதம், ஈயத்தின் ஆட்டம், கழியின் விறைப்பு. முள்ளில் சிறு சதைத்துணுக்கு இருந்தால் மெல்லிய இடத்தில் பிடித்துக் கிழிந்திருக்கிறது; அங்கே இழுப்பைக் குறைப்பதும் சற்றுப் பெரிய முள்ளும் உதவும்.

முள்ளின் மீதே ஐயம் நிலைத்தால் வீட்டில் சோதிக்கலாம். முள்ளை மென்மரக் கட்டையில் வளைவுவரை ஏற்றி, சுருள்வில் தராசால் இழுத்து, எந்த எடையில் விரிகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு இன்னொரு முள்ளை முனை மட்டும் ஏறிய நிலையில் அதேபோல் இழுக்க வேண்டும். முறியும் முள் கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி அணிவது கட்டாயம். முதல் நிலையில் கழி தரக்கூடிய இழுப்பைவிட மிக அதிகமாகத் தாங்கினால் முள்மேல் குறையில்லை. இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி, முள் ஆழமாக ஏறுவதன் மதிப்பைக் காட்டும்.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது நல்லது. முள், இழை, ஈயம் மூன்றையும் ஒருசேர மாற்றினால் இழப்பு நின்றாலும் எது காரணம் என்று தெரியாது. ஒற்றை இழப்புக்காக எதையும் மாற்றத் தேவையில்லை. மெல்லிய உதட்டோரத்தில் பிடித்த முள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சில வேளை கழலும். ஒரே வகை இழப்பு அடுத்தடுத்து நேர்ந்தால்தான் அமைப்பில் குறை உள்ளது என்று கொள்ளலாம். அப்போது மலிவானதிலிருந்தும் எளியதிலிருந்தும் தொடங்க வேண்டும்: முனையின் கூர், முடிச்சு, கிளட்ச். இம்மூன்றும் சரியாக இருந்தும் இழப்பு தொடர்ந்தால் மட்டுமே முள்ளின் வகையையும் கழியையும் மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.